முன் சீட்டில் மாதா

எங்கள் சந்தில் வேன் பிடிப்பது என்றால் அது வேளாங்கண்ணிக்குத்தான். வேன் வேறு ஊருக்கும் போகும் என்பது பெங்களூர் லிங்கராஜபுரத்தில் எங்கள் சொந்தக்காரர்கள் யாருக்கும் தோன்றியதே இல்லை. கோலார் தங்க வயலிலிருந்து வந்து பக்கம் பக்கமாகக் குடியேறிய நாலைந்து குடும்பங்கள், செப்டம்பர் திருவிழாவுக்கு ஒரு வேன், அதற்கு நிரந்தரத் தலைவர் என் பெரியப்பா. எந்த ஊரில் நிறுத்திச் சமைப்பது, யார் எந்தச் சீட்டு, எல்லாம் அவர் வைத்ததுதான் சட்டம். டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டு மாதாவுக்கு. மல்லிகை மாலை போட்ட மாதா சுரூபத்தைப் பெரியப்பா மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். அந்தச் சீட்டை இதுவரை யாரும் கேட்டதில்லை.

மைசூர் ரோட்டில் அந்தப் பெரிய தீம் பார்க் திறந்த புதிது. நான் வேலைக்குச் சேர்ந்ததும் புதிது. ஆபீசில் எல்லோரும் போய்விட்டு வந்து, அலை அடிக்கிற குளம், தலைகீழாகச் சுற்றுகிற ராட்டினம் என்று அளந்துகொண்டிருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. "நாமளும் ஒரு வேன் பேசலாம் பெரியப்பா" என்று பற்றவைத்தேன்.

மனிதர் உடனே களத்தில் இறங்கிவிட்டார். மறுநாள் காலையிலேயே எங்கள் வீட்டு வாசலில் சோறாக்குகிற பெரிய அலுமினிய டேக்சா, மண்ணெண்ணெய் ஸ்டவ், தார்ப்பாய், ஜமுக்காளம் எல்லாம் வந்து இறங்கின.

"ஒன்றரை மணி நேர வழிக்கு எதுக்கு இதெல்லாம்? எங்க நிறுத்திச் சமைக்கப் போறீங்க, கெங்கேரியிலயா?" என்றேன்.

"எங்க நிறுத்துனா உனக்கு இன்னா? பசிச்சா நீதான் மொதல்ல தட்டத் தூக்கினு வருவ."

அது உண்மைதான் என்பதால் விட்டுவிட்டேன். அப்போதுதான் அடுப்பங்கரையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "இந்த வேன்ல நானும் வர்றேன்."

வாசலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அம்மாவுக்கு வண்டி ஒத்துக்கொள்ளாது. சிவாஜி நகருக்குப் பஸ் ஏறினாலே பாதி வழியில் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்து அழுத்துவாள். அதையும் மீறி வாந்தி வந்துவிடும். காற்றோட்டமாக இருப்பதால் ஆட்டோ மட்டும் பரவாயில்லை. ஒவ்வொரு செப்டம்பரிலும் அப்பாவும் நானும் வேனில் ஏறுவோம். அம்மா புளிசாதம் கட்டிக்கொடுத்து, தன் பேருக்கு ஏற்றச் சொல்லி ஒரு மெழுகுவர்த்தியையும் கொடுத்தனுப்பிவிட்டு, சந்து முனையில் நின்று கையசைப்பாள். எந்நேரமும் மாதா, மாதா என்று உருகுகிறவள் வேளாங்கண்ணியைப் பார்த்ததே இல்லை.

"ராட்டினத்தப் பாத்தாலே உனக்குத் தல சுத்தும். அங்க வந்து இன்னா பண்ணப் போற?" என்றார் அப்பா.

"வேடிக்க பாக்கறேன். வர்றேன்னா வர்றேன்."

முன் சீட்டில் உட்கார்ந்து நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டே போனால் குமட்டாது என்று ஆபீசில் யாரோ சொன்னார்கள். நான் நேராகப் பெரியப்பாவிடம் போனேன். "முன் சீட்ட அம்மாவுக்குக் குடுங்க."

"அது மாதா சீட்டு."

"தீம் பார்க்குக்கு மாதா எதுக்குப் பெரியப்பா? ராட்டினம் ஆடவா?"

கேட்டது தப்பாகிவிட்டது. மாதா இல்லாமல் இந்தச் சந்திலிருந்து என்றைக்காவது வேன் கிளம்பியிருக்கிறதா என்று அவர் போட்ட சத்தத்தில் நாலு வீட்டுக் கதவு திறந்தது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எனக்கும் கோபம்தான். அம்மா முதல்முறையாக ஒன்று கேட்டிருக்கிறாள், அதற்கு இத்தனை வீம்பா?

வழியை அம்மாவே கண்டுபிடித்தாள். "மாதாவ என் மடியில வச்சுக்கறேன் மாமா. பத்திரமாப் பாத்துக்கறேன்" என்றாள். பெரியப்பா முகத்தில் ஈயாடவில்லை. அவர் மனதில் ஓடிய பயம் எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அதை வாய்விட்டு எப்படிச் சொல்வார்? கடைசியில் தலையாட்டிவிட்டார். கிளம்புகிற அன்று காலையில் பார்த்தால், மாதாவுக்குத் தலை முதல் கால் வரை கண்ணாடி போன்ற பாலித்தீன் கவர் சுற்றியிருந்தது.

"தூசி படாம இருக்கட்டும்னு" என்றார், யாரும் கேட்காமலே.

வழக்கம்போல ஜெபமாலையோடு வேன் கிளம்பியது. அம்மாவுக்கு நேர் பின்னால் நான், கையில் பிளாஸ்டிக் பைகளும் எலுமிச்சம்பழமும். மார்க்கெட் மேம்பாலத்தில் டிரைவர் போட்ட பிரேக்கில் அம்மாவின் தோள் விறைத்தது. கழுத்தில் வியர்வை. நான் பையைப் பிரித்துவிட்டேன். "ஏனூ ஆகல்ல அம்மா, கூத்கொள்ளி" என்று டிரைவர் கன்னடத்தில், ஒன்றும் ஆகாது உட்காருங்கள் என்று தைரியம் சொன்னார். அம்மா திரும்பவில்லை. மாதாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தாள். கெங்கேரி தாண்டியது. ஜெபமாலை முடிந்தது. பார்க்கின் வாசலில் இறங்கும்போது என் கையிலிருந்த பைகள் அப்படியே இருந்தன. பெரியப்பா ஓடிவந்து முதல் வேலையாக மாதாவின் பாலித்தீனைக் கழற்றினார்.

வெளிச் சாப்பாடு உள்ளே கூடாது என்று வாசலில் சொல்லிவிட்டார்கள். வேன் நிறுத்துமிடத்தில் தார்ப்பாய் விரித்து, வீட்டிலேயே சமைத்துக் கொண்டுவந்த டேக்சாவைத் திறந்து, காலை பத்து மணிக்கு மதியச் சாப்பாட்டை முடித்தோம். அக்கம்பக்கத்துக் கார்க்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஸ்டவ்வுக்கு மட்டும் வேலை இல்லை.

உள்ளே அம்மா எதிலும் ஏறவில்லை. கெஞ்சினேன், திட்டினேன், ஒன்றும் பலிக்கவில்லை. மாதாவை ஒரு கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு அலைக் குளத்தின் கரைக்குப் போய் நின்றாள். புடவையோடு உள்ளே இறங்கக் கூடாது என்பதால், விளிம்பில் அலை வந்து நனைக்கிற இடத்தில் காலை வைத்தாள். அலை விடப்போவதற்கு அடையாளமாகச் சங்கு ஊதியது. அலை வந்து கணுக்காலைத் தொட்டது. அம்மா சிரித்துவிட்டாள்.

"மாமா, அங்கயும் அலை இப்பிடித்தான் வருமா?"

தண்ணீர் சொட்டச் சொட்ட ஏறி வந்த பெரியப்பாவுக்குப் புரியவில்லை. "எங்கேம்மா?"

"அதான், மாதா கோயிலுக்குக் கெழக்கால, கடல்ல."

அவர் கூடையிலிருந்த மாதாவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "இதவிடப் பெருசா வரும்மா" என்றார். அதுவரை ராட்டினத்தில் ஏறு, ஏறு என்று அம்மாவை நச்சரித்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. இவள் தீம் பார்க் பார்க்க வரவே இல்லை.

திரும்பும்போது பிளாஸ்டிக் பைகள் வீண்போகவில்லை. தலைகீழ் ராட்டினத்தில் இரண்டு தடவை சுற்றியிருந்த பெரியப்பா கெங்கேரி வருவதற்குள் இரண்டு பைகளை நிரப்பினார். அம்மா முன் சீட்டிலிருந்து கையை நீட்டி எலுமிச்சம்பழத்தைக் கொடுத்தாள். "மூக்குல வச்சு நல்லா அழுத்துங்க மாமா. ரோட்டப் பாருங்க."

சந்தில் வேன் நின்றதும் அம்மா இறங்கி, மாதாவைப் பெரியப்பாவின் கையில் கொடுத்தாள்.

"செப்டம்பர் வேன்ல எனக்கும் ஒரு சீட்டு வச்சிடுங்க. மெழுகுவத்திய இந்த வருஷம் நானே வந்து ஏத்திக்கறேன்."