கை படாமல் ஒரு ரெசின் கடை

எபாக்ஸி ரெசின் வேலை செய்கிறவர்களைக் கல்யாண வீட்டுக் கூட்டத்தில்கூடச் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். பேச்சுக்கு நடுவே புறங்கையால் கண்ணிமையைத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். இதைப் படிக்கும்போதே உங்கள் கையும் இமைக்குப் போயிருந்தால் நீங்கள் நம்ம ஆள். கையை இறக்கிவிட்டு மேலே படியுங்கள்.

வாளையாரிலிருந்து உள்ளே பிரிகிற சாலையில் இருக்கிறது என் கடை. ரெசின் ஒரு டப்பா, அதை இறுகவைக்கும் ஹார்டனர் ஒரு டப்பா. இரண்டையும் கலந்து மரப்பலகையின் பிளவில் ஊற்றினால் மறுநாள் கண்ணாடி மாதிரி இறுகிவிடும். மேசை செய்வோம், கடிகாரம் செய்வோம், கல்யாண மாலையை வாடாமல் உள்ளே வைத்துத் தருவோம். இறுகிய பிறகு அது பரம சாது. இறுகுகிற வரைக்கும் அதற்குத் தோலும் ஆகாது, மூச்சும் ஆகாது.

டாக்டர் சொன்னது

முதல் மூன்று வருடம் வெறுங்கையால்தான் வேலை செய்தேன். ஒன்றும் ஆகவில்லை. அதனால் எனக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொண்டேன். நாலாவது வருடம் ஒரு நாள் காலையில் எழுந்தால் இரண்டு கண்ணும் திறக்கவில்லை. மணிக்கட்டு முழுக்கத் தடிப்பு. யாரோடு சண்டை போட்டாய் என்று பால்காரர் விசாரித்தார்.

பாலக்காட்டில் தோல் டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். சிலருக்கு இது ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டால் உடம்பு மறக்கவே மறக்காதாம். பிறகு ஒரு சொட்டு பட்டாலும் போதுமாம். பிழைப்பே இதுதானே டாக்டர் என்றேன். மலையாளம் கலந்த தமிழில் பதில் வந்தது. "இனி ஒரு தடவை இதோட வந்தா நான் மருந்து எழுதமாட்டேன், வேற பணி நோக்கிக்கோன்னுதான் எழுதுவேன், கேட்டோ."

மேசைக்காகக் கையுறை

அன்றிலிருந்து ஊற்றுகிற வேலை முழுவதும் கடையில் சம்பளத்துக்கு இருந்த மயில்சாமி அண்ணனிடம் போயிற்று. முப்பது வருடம் தச்சு வேலை பார்த்தவர். கையுறை போட்டால் மரத்தின் ரேகை கைக்குத் தெரியாது என்பது அவர் கட்சி. சாயங்காலம் ரெசின் படிந்த கையைப் பெயிண்ட் தின்னரில் முக்கிக் கழுவி, பளபளவென்று ஆக்கி எனக்குக் காட்டுவார். தின்னர் அழுக்கோடு சேர்த்துத் தோலின் எண்ணெயையும் எடுத்துவிடும், ரெசினை இன்னும் உள்ளே இறக்கிவிடும், சோப்பும் தண்ணீரும்தான் போடவேண்டும் என்று தொண்டை வறளச் சொல்லிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார்.

கடைசியில் ஒரு பொய் சொன்னேன். அண்ணா, உங்கள் கைரேகை மேசையில் விழுகிறது, வாங்குகிறவர்கள் குறை சொல்கிறார்கள் என்றேன். மறுநாள் எட்டு மணிக்கே நீல நிற நைட்ரைல் கையுறையோடு நின்றார். "அத மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே அம்மணி, மேசைக்குன்னா போட்டுக்க மாட்டனுங்களா?"

காவல் இருந்தவர்

நம் தொழிலின் தீராத தலைவலி உங்களுக்குத் தெரியும். ஜன்னலைத் திறந்தால் தூசி வந்து ஈர ரெசினில் உட்காரும், மூடினால் ஆவி நம் தலைக்குள் உட்காரும். எங்கள் ஊரில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேறு. லாரிகள் கிளப்பும் புழுதியை வாரிக்கொண்டு நேராக என் ஷெட்டுக்குத்தான் வரும். இப்போது மேசைக்கு மேலே பிளாஸ்டிக் கூடாரம் கட்டிவிட்டு, கதவைத் திறந்துவைத்து, எக்ஸாஸ்ட் ஃபேனையும் போட்டுவிடுகிறோம். இந்தப் புத்தி வருவதற்கு முன்னால் எல்லாவற்றையும் இறுக்கி மூடித்தான் ஊற்றுவோம்.

அந்தக் காலத்தில் ஒரு தென்னந்தோப்புக்காரர் தன் தோட்டத்து மாமரப் பலகையைக் கொண்டுவந்தார். நாங்கள் பலகையை மாற்றிவிடுவோமோ என்று அவருக்குச் சந்தேகம். நாற்காலி போட்டு மேசைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மாஸ்க் கொடுத்தேன். கொரோனாதான் போய்விட்டதே என்று திருப்பிக் கொடுத்தார். அரைமணி கழித்துத் தலையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, சோடா வாங்கிக் குடித்துவிட்டு வண்டியில் ஏறினார். "பலகைய மாத்தோணும்னா மாத்திக்குங்க அம்மணி, எனக்கு மண்டை இருந்தாப் போதுமுங்க."

அடுப்பில்லாத கொதி

சித்திரை வெயிலில் ஒரு நாள் பெரிய மேசை. மூன்று தடவையாகக் கலக்கவேண்டியதை, சீக்கிரம் முடிக்கலாமென்று மயில்சாமி அண்ணன் ஒரே பக்கெட்டில் கலந்துவிட்டார். மொத்தமாகக் கலந்தால் அது தனக்குத்தானே சூடேறும் என்று நீங்களும் பட்டுத்தான் தெரிந்துகொண்டிருப்பீர்கள். கொஞ்ச நேரத்தில் பக்கெட்டிலிருந்து புகை. நல்லவேளை, கதவோரம்தான் வைத்திருந்தார். புகை முகத்தில் படாமல் ஒதுங்கி நின்று, நீளக் கம்பால் கைப்பிடியைக் கோர்த்து வெளியே மணலில் இழுத்து விட்டார். ஒருத்தரும் கிட்டே போகக்கூடாது என்று நான் தூரத்திலிருந்து கத்தினேன். பக்கெட்டின் அடிப்பாகம் இளகி மணலோடு ஒட்டிக்கொண்டது.

பால் சொசைட்டிக்குப் போய்க்கொண்டிருந்த பக்கத்துத் தோட்டத்து அம்மா தூக்குப் போசியோடு நின்று முழுவதையும் பார்த்தார். பயந்துவிட்டார் போல என்று நான் சமாதானம் சொல்லப் போனேன். "ஏனுங்க, அடுப்பே இல்லாம இந்தக் கொதி கொதிக்குதே, எங்கூட்டுல கேஸு தீந்துபோச்சு, ஒரு டப்பா குடுப்பீங்களா?"

வட்டவடை வாடை

மலைமேல் இருக்கும் வட்டவடையில் பூண்டும் கேரட்டும் போடுகிற விவசாயி ஒருவர் இரண்டு அறை கட்டி வாடகைக்கு விடுகிறார். அதில் ஒன்றில் ஜன்னலோரம் நீளப் பலகை, அங்கேயே ஊற்றித் தரவேண்டும். நான் வாசலில் நின்று வழி சொல்ல, மயில்சாமி அண்ணன் ஊற்றினார். அந்தக் குளிருக்கு ரெசின் இறுகவே மாட்டேன் என்றது. இறுகும்வரை யாரும் இந்த அறையில் படுக்கக்கூடாது, ஜன்னல் திறந்தே இருக்கட்டும் என்றேன். வாடையே இல்லையே, அப்புறம் என்ன என்று கேட்டார். டப்பாவிலேயே வாடை குறைவு என்றுதான் போட்டிருக்கிறது, கெடுதல் குறைவு என்று போடவில்லையே என்றேன். ஆவியை வடிகட்டுகிற எங்கள் கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

மறுநாள் காலையில் பார்த்தால் மனிதர் முட்டைக்கோசு வயலில் மருந்து அடித்துக்கொண்டிருக்கிறார். முகத்தில் துணிகூட இல்லை. அண்ணே, நீங்களாவது ஒரு மாஸ்க் போடக்கூடாதா என்று வரப்பிலிருந்து கேட்டேன். அவர் பம்பை நிறுத்திவிட்டு, புரியாதவளுக்குப் புரியவைக்கிற மாதிரி பதில் சொன்னார். "மூக்கை மூடிக்கிட்டா மருந்து எந்தப் பக்கம் பறக்குதுன்னு எப்படிக்கா தெரியும்?"

கல்யாண மாலைத் தட்டு

தேவிகுளம் பக்கம் தேயிலை எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து புதுப்பெண் ஒருத்தி மாலையின் பூக்களோடு வந்தாள். அதை வைத்து அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் இரண்டு சாப்பாட்டுத் தட்டு வேண்டுமாம். சுவரில் மாட்ட என்றால் செய்கிறேன், இதில் சுடுசோறு போட்டுச் சாப்பிடுவது நல்லதில்லை, சூட்டுக்கு இது ஆகாது, வயிற்றுக்குப் போகிற பொருளும் இல்லை என்று விவரமாகச் சொன்னேன். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். "அப்ப ரெண்டு வேண்டாம்க்கா, ஒண்ணு போதும், அவருக்கு மட்டும் அதுல போட்டுக்கிடுதேன்."

திரும்பி வந்தது

போன மாதம் என் கண்ணிமை மறுபடி வீங்கியது. வலது கன்னமும் சிவந்து தடித்திருந்தது. நான் ரெசினைத் தொட்டே ஒரு வருடம் ஆகிறது. எனக்கு உயிரே போய்விட்டது. டாக்டரம்மாவிடம் போனால் என்ன எழுதுவார் என்று தெரியும், அதனால் போகவில்லை. சோப்பை மாற்றினேன், தலைச்சாயத்தை விட்டேன், கத்தரிக்காயை ஒதுக்கினேன். கடையை மூடிவிட்டு என்ன செய்வது என்று யோசித்து யோசித்து இரண்டு நாள் சாப்பாடே இறங்கவில்லை.

மூன்றாம் நாள் ஷெட்டுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, நடப்பதை எல்லாம் பார்த்தேன். மயில்சாமி அண்ணன் ரெசின் ஊற்றினார். அதே கையுறையோடு வெளியே வந்து குழாயைத் திறந்தார். டீ கிளாஸை எடுத்தார். என் ஸ்கூட்டரை நிழலுக்குத் தள்ளினார். வாசலோரம் என் மேசைமேல் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்து, அம்மணி இங்கதான் இருக்காங்க என்று சொல்லி, அதை என் வலது பக்கமாக நீட்டினார். போனின் ஓரத்தில் பிசுபிசுப்பு. நான் போனையும் அவர் கையையும் மாறி மாறிப் பார்த்தேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "வெறுங்கையால ஒண்ணையும் தொடலைங்க அம்மணி, எல்லாத்தையும் கிளவுஸ் போட்டுட்டுத்தான் தொட்டனுங்க."

கடைசித் துணுக்கு

கையுறை மேசைக்காக என்று நான் சொன்ன பொய்யை அன்றைக்குத்தான் ஒத்துக்கொண்டேன். அது உங்கள் தோலுக்காக, அதில் பட்டது வேறெதிலும் படக்கூடாது என்று சொன்னதும் அவர் முகம் விழுந்துவிட்டது. என்னால்தானா என்று இரண்டு தடவை கேட்டார். எனக்கு அழுகை வந்தது, கோபம் வரவில்லை. பாதித் தப்பு என்னுடையதுதானே. இருவரும் சேர்ந்தே டாக்டரம்மாவிடம் போனோம். காரணம் தெரிந்துவிட்டதால் அவர் மருந்துதான் எழுதினார். அடியில் ஒரு நிபந்தனையும் எழுதினார்: ஊற்றும் அறைக்குள் நான் காலே வைக்கக்கூடாது.

மறுநாள் என் மேசை, நாற்காலி, போன் எல்லாம் சாலையோரத்து முன்னறைக்கு வந்துவிட்டன. ஷெட் வாசலில் கையுறையைக் கழற்றிப் போட ஒரு வாளி, பக்கத்தில் சோப்பு. அந்த வாரமே ஒரு பெரிய மேசை. ஊற்றியதில் குமிழி வந்திருக்குமோ என்று என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மெதுவாகப் போய் ஒரு காலை உள்ளே வைத்தேன். முப்பது வருடத் தச்சர் கையை விரித்து வாசலை மறித்துக்கொண்டார். "கடை உங்களுதுதானுங்க அம்மணி, ஆனா உள்ள விடமாட்டனுங்க, நாளைக்கும் நீங்க இங்க ஓனரா இருக்கோணுமில்லீங்களா?"

ஆக, இந்தத் தொழிலில் நீடிக்க நான் கண்டுபிடித்த ஒரே பாதுகாப்பு முறை, என்னை என் கடைக்குள் விடாத ஒருவருக்கு மாதாமாதம் நானே சம்பளம் கொடுப்பதுதான்.