சாமி அலமாரியிலிருந்து வேலூர் மேடைக்கு

சனிக்கிழமை விடியற்காலை காஞ்சிபுரத்தில் ரயிலேறினேன். தோளில் ஒரு துணிப்பை, கக்கத்தில் ஒரு தகரக் குழல். பையில் மாற்று வேட்டியும் புளியோதரையும் இருந்தன. குழலில் இருந்தது என் பி.ஏ. பட்டம்.

நான் படித்த சர்வகலாசாலைக்கு எழுபத்தைந்து வயது நிறைந்துவிட்டது. பட்டணத்தில் பெரிய விழா நடக்கட்டும், எங்கள் ஊரிலும் ஒன்று நடத்துவோம் என்று வேலூர்ப் பட்டதாரிகள் கிளம்பிவிட்டார்கள். ஞாயிறு மாலை கூட்டம். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்துகிறவன் என்பதால், சர்வகலாசாலையின் சரித்திரத்தைச் சொல்ல என்னை அழைத்திருந்தார்கள். மூத்த பட்டதாரிகள் தங்கள் பட்டத்தைக் கையோடு கொண்டுவர வேண்டும் என்றும் கேட்டிருந்தார்கள்.

எங்கள் வீடு சுத்த சைவம். தோல் செருப்புகூட வாசற்படி தாண்டாது. அந்த வீட்டில் என் பட்டம் இருபத்தைந்து வருஷமாகச் சாமி அலமாரியில், நடராஜர் படத்துக்கும் முருகன் படத்துக்கும் நடுவில் இருந்தது. சரஸ்வதி பூஜையன்று பட்டுத்துணியைப் பிரித்து ஓரத்தில் சந்தனம் வைப்பது வழக்கம். அன்று காலை என் மனைவி சிவகாமி அதைக் கண்ணில் ஒற்றிக் குழலில் இட்டுக் கொடுத்து, "கண்ட எடத்துல வெச்சிடாதீங்க" என்றாள்.

காஞ்சியிலிருந்து அரக்கோணம் பதினெட்டு மைல். அங்கே வண்டி மாற வேண்டும். மூன்றாம் வகுப்பில் எனக்கு எதிரே மேல்விஷாரத்து வியாபாரி ஒருவர் வந்து உட்கார்ந்தார். அவருடைய சாக்கு மூட்டையில் மாதிரிக்காக எடுத்துப்போகும் ஆட்டுத்தோல்கள் இருந்தன. நான் குழலை மறு கக்கத்துக்கு மாற்றினேன். அது போதாமல் சன்னல் பக்கமாக நகர்ந்தேன்.

"இன்னா சாமி, வாடை ஜாஸ்தியா கீதா?" என்று கேட்டார்.

"இல்லை, இது பட்டம். தோல் படக்கூடாது."

அவர் பாவம், மரியாதையாக மூட்டையைத் தூக்கித் தம் காலடியில் வைத்துக்கொண்டார். காட்பாடி வரும் வரையில் அது என் பக்கம் சாயாமல் காலால் அணைத்துப் பிடித்தபடியே வந்தார்.

கூட்டம் மறுநாள்தானே, முதலில் பழைய நண்பனைப் பார்ப்போம் என்று காட்பாடியில் இறங்காமல் ஆம்பூருக்குப் போனேன். அங்கே இறங்கியபோது உச்சிவேளை. ஸ்டேஷனுக்குக் காதர் வந்திருந்தான். கல்லூரியில் நான்கு வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். இருவரும் ஒரே நாளில் பட்டம் வாங்கினோம். நான் வாத்தியார் ஆனேன். அவன் குடும்பத்தின் தோல் பதனிடும் ஷாப்பைப் பார்க்கப் போய்விட்டான். பட்டமளிப்பு முடிந்த பிறகு நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"வா முதலியாரே! ஆம்பூர்க் காத்து எப்படிக் கீது?"

மூக்கைப் பொத்தியிருந்த துண்டை எடுக்காமலே, "பேஷ்" என்றேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்காக ஸ்டேஷன் பக்கத்துச் சைவ ஓட்டலிலிருந்து சாப்பாடு வரவழைத்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை தான் வெளியே நின்றான். நான் சங்கடப்படக் கூடாதாம்.

மூன்று மணிக்கு ஷாப்பைப் பார்க்கக் கூப்பிட்டான். சுண்ணாம்புத் தொட்டிகள், ஆவாரம்பட்டைக் குவியல்கள், முழங்கால் ஈரத்தோடு வேலை செய்யும் ஆட்கள். குழலை நெஞ்சோடு அணைத்து, கோழி மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தேன். கடைசிக் கொட்டகையில் ஒரு மரச்சட்டம் நின்றிருந்தது. அதில் வெள்ளையாக ஒன்றை நாலாபக்கமும் இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

"தொட்டுப் பாரு" என்றான் காதர்.

"நான் தோலைத் தொடமாட்டேன், தெரியுமில்ல?"

"பதம் போடாத தோலு. சுண்ணாம்புல ஊறவெச்சு, மயிர் எடுத்து, காயவெச்சுச் சொரண்டினது. வாடை துளி இல்ல. வேலூர்க்காரங்க இதுல வரவேற்பு மடல் எழுதப் போறாங்க. பழைய பட்டம் மாதிரியே இருக்கணும்னு கேட்டாங்க."

பழைய பட்டம் மாதிரி என்றால் என்ன அர்த்தம்? ஒரு விரலை வைத்தேன். வைத்த விரலை எடுக்க முடியவில்லை. அந்த வழவழப்பு, அழுத்தினால் உள்ளிருந்து வரும் அந்த விறைப்பு, எனக்கு இருபத்தைந்து வருஷப் பழக்கம். சரஸ்வதி பூஜை தவறாமல் சந்தனம் வைத்த விரலாயிற்றே!  பக்கத்தில் கிடந்த பட்டைக் குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"கெட்டிக் காகிதம்னுதானே நெனச்சிருந்தேன்" என்றேன். 

காதர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "நெசமாவே தெரியாதா? பட்டம் வாங்கின அன்னிக்கு, சபையிலயே நான் தொட்டுப் பாத்துத் தெரிஞ்சுக்கினேன். சொல்லலாம்னு திரும்பினா, நீ அதைக் கண்ணுல ஒத்திக்கினு அழுதுனு இருந்தே. எப்படிச் சொல்ல?"

அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று அப்போதுதான் எழுந்தது. "காதர், என் பட்டம் என்ன தோல்?"

"சீமையிலேர்ந்து வர்றது. அங்க ஆட்டுத்தோல்லயும் செய்வாங்க. கன்னுக்குட்டித் தோல்லயும் செய்வாங்க."

கன்றுக்குட்டி! வெள்ளிக்கிழமை தவறாமல் கோபூஜை செய்கிறவள் என் மனைவி. குழலைத் திறந்து பட்டத்தை அவனிடம் நீட்டினேன்.  அவன் அதை வெயிலுக்கு நேரே பிடித்தான். மயிர்க்கால்கள் இருக்கும் வரிசையைப் பார்த்தால் எந்த மிருகம் என்று தெரிந்துவிடுமாம். அவனோடு ஷாப் மேஸ்திரியும் குனிந்து பார்த்தார். பார்த்தவர் வாயைத் திறந்தார். காதர் அவரை ஒரு பார்வை பார்த்தான். அவர் வாயை மூடிக்கொண்டார்.

"ஆடு" என்றான் காதர், சட்டென்று.

"நிச்சயமா?"

"ஆடுதான் தோஸ்த். சுத்தமான சீமை ஆடு."

தோல் வியாபாரத்திலேயே பிறந்து வளர்ந்தவன் சொன்னால் நம்பத்தானே வேண்டும்? நம்பினேன். நம்புவது என்று முடிவு செய்தேன் என்பது இன்னும் சரி.

ஞாயிறு காலை இருவரும் காட்பாடிக்கு ரயிலில் வந்து, அங்கிருந்து ஐந்து மைல் ஜட்காவில் வேலூர் போனோம். லாங் பஜாரில் கைவண்டிகளுக்கு நடுவே ஜட்கா அரைமணி நேரம் சிக்கிக்கொண்டது. வண்டிக்காரன் தோல் வாரைச் சுண்டும்போதெல்லாம் அதன் நுனி குழலின்மேல் பட்டது. நேற்றானால் சண்டைக்கே போயிருப்பேன். இன்று எந்த முகத்தோடு போவது?

மாலை நான்கு மணிக்குக் கோட்டைக்கு எதிரே ஒரு மண்டபத்தில் கூட்டம். மேடையேறிப் பார்த்தேன். மூத்த பட்டதாரிகள் வரிசையாக அவரவர் பட்டத்தோடு வீற்றிருந்தார்கள். ஒரு கோயில் தர்மகர்த்தா பட்டத்தின் மூலையில் குங்குமம் வைத்திருந்தார். வெங்காயம்கூடத் தொடாத வக்கீல் ஒருவர் அதை மார்போடு அணைத்திருந்தார். மடி ஆசாரம் பார்க்கிற ஒரு தோல் மண்டியே மேடையில் உட்கார்ந்திருந்தது. அது எனக்கும் முன்வரிசையில் இருந்த காதருக்கும் மட்டும்தான் தெரியும்.

பேசினேன். வடக்கே சிப்பாய்கள் கிளர்ந்த வருஷத்தில் பிறந்த சர்வகலாசாலை, பல்லாண்டு பாடமே நடத்தாமல் பரீட்சை மட்டும் நடத்திய கதையைச் சொன்னேன். சிரித்தார்கள், கை தட்டினார்கள். கடைசியில், "ஒரு பாவமும் அறியாத இந்தத் தூய தாளில்" என்று பட்டத்தை உயர்த்திக் காட்டி முடிப்பதாக எழுதி வைத்திருந்தேன். கை எழவில்லை. தர்மகர்த்தா தம் பட்டத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார். அவரிடம் எப்படிச் சொல்வது? "வணக்கம்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

திங்கட்கிழமை பிற்பகல் வீடு வந்து சேர்ந்தேன். சிவகாமி கை அலம்பிவிட்டு வந்து குழலுக்குக் கை நீட்டினாள். வழியெல்லாம் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்துவந்தேன். சாமி அலமாரியைக் கண்டதும் வாய் தானாகவே சொல்லிவிட்டது. "அது தாள் இல்லை, சிவகாமி. தோல்."

அவள் அதிரவில்லை. "தெரியுமே" என்றாள்.

"தெரியுமா? எப்போதிலிருந்து?"

"கல்யாணமாகி வந்த மொத ஐப்பசியிலேர்ந்து. அடைமழையில நனைஞ்ச ஆட்டு வாடை வரும். மழை நாள்ல ரெண்டு வேளையும் சாம்பிராணி எதுக்குப் போடறேன்னு நெனச்சீங்க?"

"அப்புறம் ஏன் சாமிகிட்ட வெச்சே?"

"நீங்க கும்பிட்டீங்களே" என்றாள்.

 சிவகாமி பட்டத்தை நடராஜருக்கும் முருகனுக்கும் நடுவில் பழையபடி வைத்தாள். பிறகு திரும்பாமலே கேட்டாள்: "ஆட்டுத்தோல்தானே?"

"ஆடு" என்றேன், சட்டென்று.