தம்மாமிலிருந்து பூட்டிய வாஷ்பேசின்

ஜுலைகா பீவி வீட்டு வாஷ்பேசினில் வாய் கொப்பளிக்கிறவர்கள் காலை அகட்டி வைத்து நிற்கப் பழகியிருந்தார்கள். துப்பிய தண்ணீர் குழாய்க்குள் போகாமல், பேசினின் அடியில் கசிந்து நேராகப் பாதத்தில் இறங்கியது. வாளி வைத்துப் பிடித்தாள். வாளியைக் கொட்டுவது தினசரி வேலையாகிவிட்டது. சங்கரன்கோவிலில் அவளுக்குத் தெரிந்த பிளம்பர், "ஆடித்தபசுத் திருவிழா முடியட்டும்க்கா" என்றான். முடிந்த பிறகு "இந்தா வாரேன்" என்றான். வரவில்லை.

ஜுலைகா வீட்டிலேயே நைட்டி தைத்து விற்பவள். புருஷன் சித்தீக், சவூதியில் தம்மாம் நகரத்தில் ஒரு கட்டடக் கம்பெனியில் வேலை பார்த்தான். அங்கே அவன் ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுப்பவன். பேச்சைக் கேட்டால் கட்டடங்களையே அவன்தான் தூக்கி நிறுத்துகிறான் என்று தோன்றும்.

"இதுக்குப் போயி ஆளைக் கூப்பிடுவாங்களாட்டி? வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. வீடியோ கால்ல நான் சொல்லுதேன், நீ செய்யி."

அவன் சொன்னபடி கடையில் போய், பேசின் ஓட்டையில் மாட்டுகிற புது வேஸ்ட் கப்ளிங், ரப்பர் வாஷர், ஒரு டியூப் சிலிக்கான் எல்லாம் வாங்கி வந்தாள். வெள்ளிக்கிழமை போனைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு, பேசினுக்கு அடியில் மல்லாந்து படுத்தாள்.

"என்னட்டி, எனக்குப் பல்லிதான் தெரியுது."

"நீங்க பல்லியைப் பாத்துக்கிட்டே சொல்லுங்க. நட்டை எந்தப் பக்கம் திருப்ப?"

"இடது பக்கம்."

"யாருக்கு இடது? நான் படுத்துல்லா கெடக்கேன்."

 தம்மாமில் சித்தீக்கோடு ஒரே அறையில் தங்கியிருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கடையநல்லூர்க்காரனான சமையல்காரன் ஆரிப் மட்டும் போனுக்குக் கிட்டே வந்து, "மயினி, வலது பக்கம் திருப்புங்க" என்றான். "நீ சும்மா இருலே, அது என்ன குக்கர் மூடியா" என்று சித்தீக் அவனைத் தள்ளினான்.

ஜுலைகா தேங்காய் எண்ணெயை விட்டு, கொஞ்ச நேரம் ஊறவைத்து, இரண்டு பக்கமும் மாறி மாறித் திருகினாள். துருப்பிடித்த நட்டு ஒரு கட்டத்தில் கழன்றது. எந்தப் பக்கம் திருகினாள் என்று அவளுக்கே தெரியாது. பழைய கப்ளிங்கை உருவி எடுத்தாள்.

"இனிமேதான் முக்கியம். போனைக் கீழ வையி. எனக்கு ஓட்டை தெரியணும்."

வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் போனை வைத்தாள். மேலே இருந்து எட்டிப் பார்த்தால், ஓட்டை வழியே சித்தீக் முகம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"இப்ப நல்லாத் தெரியுதுட்டி. அப்படியே இருக்கட்டும்."

கையெல்லாம் துருவும் எண்ணெயும். கழுவலாம் என்று பழக்கதோஷத்தில் குழாயைத் திறந்தாள். தம்மாமில் சித்தீக் முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டதை மட்டும் பார்த்தாள். அதோடு போன் அணைந்தது.

போனைத் துடைத்து அரிசி வாளிக்குள் புதைத்தாள். வீடு சட்டென்று அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில் வேலை நன்றாக ஓடியது. ஓட்டை விளிம்பில் பழைய பிசினைச் சுரண்டி ஈரம் போகத் துடைத்தாள். கப்ளிங்கின் வாய்க்கு அடியில், நைட்டிக் கழுத்துக்குப் பைப்பிங் வைப்பது போல, சிலிக்கானை ஒரே சீராகச் சுற்றிவிட்டாள். ஓட்டையில் அழுத்தி உட்காரவைத்து, அடியில் வாஷரைப் போட்டு நட்டை இறுக்கி, கழிவுக் குழாயையும் சேர்த்தாள். பிதுங்கியதை ஈரத்துணியால் வழித்தாள். சிலிக்கான் காயும்வரை யாரும் திறக்காதபடி குழாயைத் துண்டால் கட்டினாள்.

மறுநாள் அடியில் பேப்பரை விரித்துவிட்டுக் குழாயைத் திறந்தாள். பேப்பர் நனையவில்லை. நம்பாமல் மூடித் திறந்து பார்த்தாள். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. போன் இன்னும் அரிசிக்குள் கிடந்தது. இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் சித்தீக் ரொம்பத் தொலைவில் இருப்பதாகப் பட்டது.

போன் ஒருவழியாக உயிர்பெற்றபோது அவன் குரல் தலையணைக்குள்ளிருந்து வருவது போல வந்தது.

"உனக்குக் கரண்டு கிரண்டு அடிச்சிட்டோன்னு சோறே எறங்கலட்டி. என்னாச்சு?"

"ஒழுகல. நல்லா இருக்கு."

"நான் சொன்ன மாதிரியா செஞ்ச?"

ஜுலைகா பேசினைப் பார்த்தாள். "நீங்க சொன்ன மாதிரிதான்."

அறையில் சித்தீக்கின் மதிப்பு ஏறிவிட்டது. அடுத்த வாரமே ஊரில் ஆரிப் வீட்டு சமையலறைத் தொட்டி ஒழுக ஆரம்பிக்க, அதையும் போனிலேயே சரிசெய்து தர சித்தீக் யோசிக்காமல் ஒப்புக்கொண்டான். பிறகு மாடிப்படிக்குப் போய் ஜுலைகாவுக்கு போன் போட்டான்.

"ஏட்டி, வாஷர் மேலயா கீழயா?"

"ஆரிப் வீட்டுக்காரி ரிஸானாவையும் லைன்ல சேருங்க. நான் சொல்லிக்கிடுதேன்."

"அப்ப நான்?"

"நீங்களும் இருங்க."

இருந்தான். ஜுலைகா ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, நடுநடுவே, "ஆமா, அது சரிதான்" என்றான்.