சாளையின் வயிற்றில் பச்சை

என் மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் சிறிய கண்ணாடித் தகடு ஒன்று கிடக்கிறது. நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்க்கும் தகடுதான். நடுவில் காய்ந்துபோன ஒரு பச்சைக் கறை. கழுவாமல் வைத்திருக்கிறாளே என்று பார்ப்பவர்கள் நினைக்கலாம். நினைக்கட்டும். அதைக் கழுவ நான் யாரையும் விட்டதில்லை.

அப்போது நான் கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தேன். மற்றப் பாதி வகுப்புகளை எடுத்தவரை எல்லோரும் உயிரியல் மிஸ் என்பார்கள். என் வயதுதான், வாய்க்கு மட்டும் என்னைவிடப் பத்து வயது கூட. வருட இறுதிப் பரீட்சையில் ஒரு கேள்வி: கடலின் உணவுச் சங்கிலியை வரைக. விடைக்குறிப்பில் இருந்தது ஒரே நேர்கோடு. மிதக்கும் நுண்பாசியைச் சிற்றுயிர் தின்னும், சிற்றுயிரைச் சாளை தின்னும், சாளையைப் பாரை, பாரையைச் சுறா. மீனவர் குடியிருக்கும் முகத்துவாரத்திலிருந்து வந்த ஒரு பிள்ளை சிற்றுயிரைத் தாண்டி, பாசியிலிருந்து நேரே சாளைக்கு அம்புக்குறி போட்டிருந்தாள். பக்கத்தில் பொடி எழுத்தில், ‘சாளை வயிற்றுக்குள் பச்சைதான் இருக்கும்’ என்று ஒரு வரி. நான் சிவப்புப் பேனையால் குறுக்கே கோடிழுத்தேன். இரண்டு புள்ளி போயிற்று. அதோடு அவளுக்கு அடுத்த வருடத்து ‘ஏ’ வகுப்பும் போய், ‘சி’ வகுப்பு என்றாயிற்று. ‘சி’ வகுப்பில் விஞ்ஞானத்துக்கு ஆசிரியரே இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

என் பிழை வெறும் அவசரத்தால் வந்ததல்ல. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு மீன் வருவது சந்தையிலேயே வெட்டிக் கழுவி, துண்டுகளாகத்தான். முப்பது வயதுவரை நான் ஒரு மீனின் வயிற்றைத் திறந்து கண்டதில்லை. தாயோடு இருந்து தினமும் மீன் கழுவுகிற பிள்ளைக்கு, காணாத வயிற்றைப் பற்றி நான் பிழை போட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

உயிரியல் மிஸ் தாளைப் பார்த்தார். “நீங்கள் எப்பவாவது சாளை வெட்டினனீங்களோ?”

“இல்லை.”

“அப்ப எந்தத் துணிவிலை கோடு போட்டனீங்கள்?”

இருவருமாக அதிபரிடம் போனோம். விடைக்குறிப்பில் உள்ளதுதான் விடை, அதை மாற்றேலாது என்று சொல்லிவிட்டார். அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. எங்கள் பள்ளிக்கூடத்தில் வெள்ளிக்கிழமை சைவம்; சாப்பாட்டில் முட்டை இருந்தாலே முணுமுணுப்பார்கள். அன்று காலை உயிரியல் மிஸ் கொட்டாஞ்சேனைச் சந்தையிலிருந்து ஐந்து சாளையோடு வந்தார். ஆசிரியர் அறை மேசையில், சரஸ்வதி படத்துக்கு நேர்கீழே, பழைய பேப்பரை விரித்துக் கொட்டினார். சங்கீத மிஸ் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். சத்தம் கேட்டு அதிபர் வந்துவிட்டார்.

“இண்டைக்கு வெள்ளிக்கிழமை எண்டு தெரியாதோ மிஸ்?”

“எனக்குத் தெரியும் சேர். சாளைக்குத் தெரியாது.”

சொல்லிக்கொண்டே கத்தியை என்னிடம் நீட்டினார். “கோடு போட்ட கைதானே, நீங்களே வெட்டுங்கோ.”

வெட்டினேன். குடலுக்குள் அரைத்த கீரைபோலப் பச்சை. ஒரு துளியைத் தகட்டில் தேய்த்து நுணுக்குக்காட்டியில் வைத்தோம். வட்டமும் ஊசியுமாக எத்தனையோ வடிவங்கள், எல்லாம் பாசி. நடுவில் ஒரு சிற்றுயிரின் ஒடிந்த காலும் கிடந்தது. விடைக்குறிப்பும் பொய்யில்லை, பிள்ளையும் பொய் சொல்லவில்லை. கடலில் யாரும் வரிசையில் நின்று சாப்பிடுவதில்லை. சாளை கிடைத்ததைத் தின்கிறது. உச்சியில் நாங்கள் ராஜாவாக வைத்திருக்கும் சுறாவும் செத்து அடியில் கிடந்தால் நண்டுக்குத்தான் சாப்பாடு. நண்டு விட்ட மிச்சம் கரைந்து, திரும்பவும் பாசிக்கே எருவாகிறது. ஒருவர் மேலே, ஒருவர் கீழே என்று நேர்கோடு கேட்பது நாங்கள்தான்.

அதிபர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். “சரி, பாவம் பிள்ளை. ரெண்டு மார்க்ஸ் போட்டு விடுங்கோ.”

உயிரியல் மிஸ் பேனையைத் தொடவில்லை. “பாவம் பார்த்துப் போட வேண்டாம் சேர். விடை சரியெண்டு எழுதிக் கையெழுத்து வையுங்கோ.”

வைத்தார். பிள்ளை ‘ஏ’ வகுப்புக்குப் போனாள். வெள்ளிக்கிழமை மீன் கொண்டுவந்ததற்கு விளக்கம் கேட்டு மிஸ்ஸுக்குக் கடிதம் வந்தது. ‘சாளை வெள்ளிக்கிழமையும் பாசி தின்னும்’ என்று ஒரே வரியில் பதில் எழுதிக் கொடுத்தார். அடுத்த வருடம் இரத்மலானைப் பக்கம் மாற்றம் கிடைத்துப் போகும்போது, தகட்டை என் மேசையில் வைத்தார். “கழுவிப் போடாதேங்கோ” என்றார்.

இப்போது நான் வெள்ளவத்தையில் வேறொரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானப் பகுதித் தலைவி. விடைக்குறிப்பில் இன்னும் அதே நேர்கோடு. நேற்று ஒரு பிள்ளையின் தாளைக் கண்டேன். பாசியிலிருந்து சாளைக்கு ஓர் அம்புக்குறி. அதன்மேல் சிவப்புக் கோடு. திருத்திய இளம் ஆசிரியையைக் கேட்டேன். “குறிப்பில இல்லையே மிஸ்” என்றார். அது அப்படியே என் பழைய குரல்.

இன்று வெள்ளிக்கிழமை. காலையில் சந்தையில் ஐந்து சாளை கேட்டேன். மீன்காரர் பழக்கத்தில் கத்தியை எடுத்தார்.

“வெட்டித் தரவா மிஸ்?”

“வேண்டாம். வயித்தோட முழுசாத் தாங்கோ.”

ஆசிரியர் அறையில் பேப்பரை விரித்தேன். முகங்கள் சுளித்தன. சுளிக்கட்டும். பெட்டியைத் திறந்து பழைய தகட்டை எடுத்து மேசையில் வைத்தேன். பக்கத்தில் புதிய தகடு ஒன்றை வைத்துவிட்டு, அந்த இளம் ஆசிரியையிடம் கத்தியை நீட்டினேன்.