இரண்டாவது பாட்டில்

மார்லிஸ் டெக்கர் இருபத்திரண்டு வருடம் ஊர் ஊராகப் போய்க் கிணற்றுத் தண்ணீர் பிடித்தவர். அமெரிக்காவில், அயோவாவில் எங்கள் பல்கலைக்கழகத்து நீர் ஆய்வகத்தில் உதவியாளர். நான் அதே மாடியில் மண் ஆய்வகத்தில் இருந்தேன்.

ஒவ்வொரு கிணற்றிலும் இரண்டு பாட்டில் பிடிப்பார். ஒன்று சோதனைக்கு, மற்றது ஃப்ரீசருக்கு. யாராவது முடிவைச் சந்தேகித்தால் இரண்டாவதைத் திறந்து மறுபடி பார்க்கலாம். ஃப்ரீசருக்கு இரண்டே சாவி: ஒன்று மார்லிஸிடம், இன்னொன்று பேராசிரியர் கர்டிஸ் வெல்ச்சிடம். மார்லிஸின் கணவர் இறந்த குளிர்காலம் முழுக்க அவர் வீட்டு வாசலில் விழுந்த பனியை அள்ளி அகற்றிக் கொடுத்தவர் கர்டிஸ்.

அரசாங்க நிதி நின்றுபோய் வெகுநாளாகியிருந்தது. ஆராய்ச்சியும், கோடையில் பயிற்சிக்கு வரும் மாணவர்களின் சம்பளமும் ஹோல்கர் ப்ரூயரின் நன்கொடையில் ஓடின. மாவட்டத்தின் பன்றிக் கொட்டகைகளில் பாதி அவருடையவை. ஜனங்கள் குடிக்கும் தண்ணீரைச் சோதிக்கும் பொறுப்பை ஒரு முதலாளியின் தாராளத்திடம் விட்டுவிட்டு, வருடா வருடம் அவருக்கு நன்றி விருந்தும் வைத்தது எங்கள் நிர்வாகம். இலையுதிர்கால விருந்தில் அவருடைய பன்றிக்கறியே பரிமாறப்படும். அதற்கு முன்பு பயிற்சி மாணவர்கள் ஒவ்வொருவரும் அவருக்குக் கைப்பட நன்றிக் கடிதம் எழுத வேண்டும். உறையை ஒட்டிக் கொடுத்தால் நன்கொடை அலுவலகம் பிரித்துப் பார்க்காமல் அனுப்பிவிடும்.

அந்த வருடம் டெஸ்ஸா ரிங் என்ற மாணவி மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மார்லிஸிடம் வந்தாள்.

"என்ன எழுதறதுன்னே தெரியல மார்லிஸ். 'உங்க பெரிய மனசு'ன்னு எழுதினா எனக்கே சிரிப்பு வருது. நீங்களே சொல்லுங்க."

"பெரிய மனசை விடு. அவர் குடுத்ததை வெச்சு நீ என்ன வேலை பாத்தேன்னு எழுது. மனுஷன் சந்தோஷப்படுவார்."

டெஸ்ஸா அப்படியே எழுதினாள். உங்கள் உதவியால் நாற்பத்தொரு கிணறுகளைச் சோதித்தோம், உங்கள் கொட்டகைகளுக்குக் கீழே சரிவில் உள்ள பதினேழில், பன்றிக் கழிவிலிருந்து இறங்கும் நைட்ரேட் அளவுக்கு மீறி இருக்கிறது, அவற்றில் நான்கு வீடுகளில் கைக்குழந்தைகள், மிக்க நன்றி.

கடிதம் ப்ரூயருக்குப் போன நான்காம் நாள் கர்டிஸ் மார்லிஸின் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"உனக்குக் கொஞ்சமாவது புத்தி இருக்கா? நானே அவர்கிட்ட பக்குவமா சொல்லியிருப்பேன்."

"எப்போ? வீடுகளுக்கு அனுப்ப வேண்டிய கடிதம் ஆறு வாரமா உன் மேசையில கையெழுத்துக்குக் கிடக்கு."

"ஐஸ் உருகி பாட்டிலெல்லாம் கெட்டுப்போச்சுன்னு எழுதிக் குடு. அடுத்த வருஷம் மறுபடி பாத்துக்கலாம்."

"அதுவரைக்கும் அந்தக் குழந்தைங்க எதைக் குடிக்கும், கர்டிஸ்?"

"நன்கொடை போனா ஒன்பது பசங்களுக்குக் கோடை வேலை கிடையாது. டெஸ்ஸாவும் அதுல ஒருத்தி."

"அவளை ஏன் இழுக்கற? சந்தேகமா இருந்தா ஃப்ரீசரைத் திற. ரெண்டாவது பாட்டில் வேற எதுக்கு இருக்கு?"

கர்டிஸ் கதவைத் திறந்துகொண்டு போனார். மறுக்காததைச் சம்மதம் என்று மார்லிஸ் எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை, பாட்டில்களை வெளி ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்புவதற்காக ஐஸ் பெட்டியோடு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஃப்ரீசர் காலி. உள்ளே சோப்பு வாசனை. ஓரங்களில் படிந்த பனிகூடச் சுரண்டி எடுக்கப்பட்டிருந்தது. பூட்டு உடையவில்லை.

மார்லிஸ் தன் கையிலிருந்த சாவியைப் பார்த்தார்.

"பனி அள்றதுல கெட்டிக்காரன்" என்றார்.

அந்த வாரமே அவருக்கு வேலை போயிற்று. நாற்பத்தொரு வீடுகளுக்கும் கடிதம் போனது: உதவியாளரின் கவனக்குறைவால் பாட்டில்கள் கெட்டுவிட்டன, முடிவு எதுவும் சொல்வதற்கில்லை. கீழே கர்டிஸின் கையெழுத்து. விருந்தில் டெஸ்ஸா ப்ரூயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். அவள் படிப்பை அந்த மேசைக்காலில் கட்டிப்போட்டவர்களைச் சொல்வேன்.

"ஃப்ரீசரைக் காலி பண்ணிட்டான். கிணத்தையுமா காலி பண்ணுவான்?" என்று மார்லிஸ் புதுப் பாட்டில்களோடு கிளம்பினார். நான் வண்டி ஓட்டினேன். முதல் வீட்டில் காரா மோல் என்ற இளம்பெண், இடுப்பில் நான்கு மாதக் குழந்தையோடு வலைக்கதவுக்கு உள்ளேயே நின்றாள்.

"கடிதம் வந்துச்சு. நீங்கதான் கெடுத்தீங்களாமே."

"கெட்டது தண்ணிம்மா. இன்னொரு தடவை பிடிச்சுக்கறேன். ரெண்டே நிமிஷம்."

"என் வீட்டுக்காரர் ப்ரூயர்கிட்டதான் வேலை பாக்கறார். அதுவுமில்லாம பேராசிரியரே கையெழுத்துப் போட்டிருக்கார். அவர் பொய்யா எழுதுவார்?"

இதே வாசல்களில் இருபத்திரண்டு வருடம், "கர்டிஸ் கையெழுத்து இருந்தா கண்ணை மூடிட்டு நம்பலாம்" என்று சொல்லி வந்தவரே மார்லிஸ்தான்.

"என்னை நம்ப வேண்டாம்" என்றார். "பாப்பாவுக்கு மட்டும் கடைத் தண்ணியில பால்பவுடர் கலக்கு."

காரா உள்கதவையும் சாத்தினாள். மார்லிஸ் இரண்டு பாட்டில்களையும் காலியாகவே பெட்டியில் வைத்துவிட்டு, அடுத்த வீட்டின் பெயரைச் சொன்னார்.