காணாமல் போகாத விரிப்புகள்

செண்பகவல்லி சங்கரன்கோவிலிலிருந்து மலையாள நாட்டுக்குக் கல்யாணமாகி வந்தவள். பழவங்காடிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் சலவை அறையில் பத்தொன்பது வருஷமாக வேலை. போன டிசம்பரில் ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பியவளை வாசலில் நிறுத்தி, காவலாளி பையைத் திறக்கச் சொன்னான். மேலிடத்து உத்தரவாம். சோற்று டப்பாவும் குடையும் மாத்திரை அட்டையும்தான் இருந்தன. போய்வருகிற நோயாளிகள் எல்லாம் நின்று பார்த்தார்கள். அவளுக்கு உடம்பு பற்றி எரிந்தது.

வார்டுகளில் படுக்கை விரிப்புக்குத் தட்டுப்பாடு. யாரோ திருடுகிறார்கள் என்று நிர்வாகி ரெஷ்மா முடிவு கட்டிவிட்டாள். கழக்கூட்டத்தில் இருக்கும் மென்பொருள் கம்பெனி ஒன்றைப் பிடித்து, ஒவ்வொரு விரிப்பிலும் சிப் வைத்துக் கம்ப்யூட்டரில் கண்காணிக்க ஏற்பாடு செய்தாள். ஆறு மாதம் மாடியில் மீட்டிங் மேல் மீட்டிங் நடந்தது. சலவை அறைக்கு ஒருவரும் இறங்கி வரவில்லை. ஆயிரத்து இருநூறு விரிப்பிலும் சிப்பைத் தைத்தது மட்டும் செண்பகவல்லிதான். பைச் சோதனையும் தினம் நடந்தது.

ஜூன் மழையில் புது ஏற்பாடு ஓடத் தொடங்கியது. பத்தாம் நாள், ஒரு பெரியவரை வெறும் ரெக்சின் மெத்தையில் படுக்க வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டரைப் பார்த்தால் ஒன்றுகூடக் களவு போகவில்லை. தொள்ளாயிரம் விரிப்பு சலவை அறையில் இருப்பதாகக் காட்டியது. ரெஷ்மாவும் கம்பெனி இன்ஜினீயர் சுதீஷும் முதல்முறையாகக் கீழே வந்தார்கள்.

"எல்லாம் இவிடத்தன்னே உண்டல்லோ சேச்சி, ஏன் மேல அனுப்பல?" என்றான் சுதீஷ்.

செண்பகவல்லி ஒரு விரிப்பை எடுத்து அவன் கையில் திணித்தாள்.

"புழிஞ்சு பாரும்."

அவன் ஷூவில் தண்ணீர் சொட்டியது.

"ரெண்டு டிரையர்ல ஒண்ணு வருஷமா ஓடல. மூணு தடவ எழுதிக் குடுத்தாச்சு. மழையில எங்க போட்டுக் காயவைக்க? களவாணி யாருன்னு தேடுனியளே, ஷீட்டு ஏன் வார்டுக்கு வரலன்னு ஒரு ஆளு கேட்டியளா?"

"எங்ககிட்ட களவுன்னுதான் பறஞ்சாங்க..." என்றான் சுதீஷ்.

"பறஞ்சா எழுதிக்கிடுவீரா? எறங்கி வந்து பாக்கண்டாமா? எங்கிட்ட ஒரு வார்த்த கேக்க ஆறு மாசமா வாய் வரலியா?"

ரெஷ்மா போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிரையரில் அறுந்துபோயிருந்தது ஒரு பெல்ட். மெக்கானிக் வந்து மாற்ற அரை நாள் ஆனது. அந்த வாரமே எல்லா வார்டுக்கும் விரிப்பு போய்ச் சேர்ந்தது. பைச் சோதனையும் சத்தமில்லாமல் நின்றது. யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை.

மாதக் கடைசியில் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். 'புதிய மென்பொருளால் விரிப்புத் திருட்டு முற்றிலும் ஒழிந்தது.'

செண்பகவல்லி அதைக் கிழித்தெடுத்துக்கொண்டு நேராக ரெஷ்மாவின் அறைக்குப் போனாள். மேஜைமேல் அடித்து வைத்தாள்.

"மேடம், திருடுனவ பேரையும் இதுல எழுதிருங்க."

ரெஷ்மா தாளை மடித்து இழுப்பறைக்குள் போட்டாள். அது மறுபடி பலகைக்கு வரவில்லை. ஆனால் ரெஷ்மா எதிரே வந்தால் செண்பகவல்லி இன்றுவரை முகம் கொடுப்பதில்லை.