நூறக்காவும் நாலில் ஒன்றும்

எங்கள் விதைப் பரிசோதனைக் கூடத்தில் நூறக்கா என்று கேட்டால்தான் யாருக்கும் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லித் தேடி வந்தவர்களை வாசல் காவலாளி, "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். நான் அவளுக்கு எதிர் மேஜை. அவள் எண்ணுவாள், நான் ரிப்போர்ட் தட்டச்சு செய்வேன். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் எங்கள் பிழைப்பு.

வேலை என்னவோ சாதாரணம்தான். மூட்டையிலிருந்து நானூறு விதை எடுக்க வேண்டும். நூறு நூறாக நாலு ஈரத்தாளில் வரிசையாக வைத்துச் சுருட்டி, முளைப்பு அறையில் நிறுத்த வேண்டும். நாள் வந்ததும் பிரித்து, முளைத்தது எத்தனை, செத்தது எத்தனை என்று எண்ண வேண்டும். விதையைப் பொறுக்கி எடுக்கக் கூடாது, கைக்கு வந்ததை எடுக்க வேண்டும். பொறுக்கினால் கை தானாக நல்லதைத் தேடிப் போகும். அப்புறம் அந்த எண்ணுக்கும் மூட்டைக்கும் சம்பந்தமே இருக்காது. இந்தப் புத்தி அவளைக் காய்கறிக் கடையிலும் விடாது. கத்தரிக்காயைப் பொறுக்காமல் கைக்கு வந்ததை அள்ளிப் போடுவாள். அவள் வருகிறாள் என்றால் கடைக்காரருக்குக் கொண்டாட்டம், சொத்தையெல்லாம் மேலே வந்து உட்கார்ந்துவிடும். சொன்னால் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

விதை வாங்க வருகிறவர்கள் ஒன்றைக் கையில் எடுத்து, "இது முளைக்குமா?" என்று கேட்பார்கள். "இதைப் பத்தி எனக்குத் தெரியாது. நூறைப் பத்திக் கேளுங்க, சொல்றேன்" என்பாள். பெயர் அப்படி வந்ததுதான். 'நிச்சயம்' என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிப்பாள். பூஜ்யமும் நூறும் அவள் எழுதிய ரிப்போர்ட்டுகளில் அபூர்வம். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று ஒரு தடவை கேட்டேன். "எத்தனைக்கு எத்தனை தேறும்னு பார்த்தேன், கட்டுப்படி ஆகல" என்றாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், இவளோடு பேசினால்.

அவளுக்கு இருப்பது ஒரே தம்பி, நாலு வயது இளையவன். வீடுகளுக்கு மின்சார ஒயர் இழுக்கிற வேலை. அவன் மனைவி தையல்காரி. அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை, நாலு வயது. எல்லாருக்கும் அவள் பொடிசு. பொடிசின் உடம்புக்கு வேண்டிய ரத்தத்தை அந்த உடம்பால் செய்துகொள்ள முடியாது. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மருத்துவமனையில் படுத்து, வேறு யாரோ கொடுத்த ரத்தத்தை ஏற்றிக்கொண்டு வர வேண்டும். அப்பா, அம்மா இரண்டு பேருக்குள்ளும் ஒளிந்திருந்த பாதிப் பாதிக் குறை குழந்தையிடம் ஒன்றாகச் சேர்ந்துவிட்டதாம். இந்த ஜோடிக்குப் பிறக்கும் குழந்தைகளில் நாலில் ஒன்றுக்கு இப்படி வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

போன வருஷம் ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தம்பியும் மனைவியும் கூடத்துக்கே வந்துவிட்டார்கள். அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. மூன்று வருஷமாக அந்த முகத்தில் சிரிப்பை நான் பார்த்ததில்லை.

"அக்கா, இவ முழுகாம இருக்கா. பத்தாவது வாரம்."

நூறக்கா சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு எழுந்து தையல்காரியின் கன்னத்தைத் தடவினாள். "டாக்டர்கிட்ட போனீங்களா? என்ன சொன்னாங்க?"

"வயித்துல இருக்கறப்பவே ஒரு டெஸ்ட் எடுக்கலாமாம். முன்னாடியே தெரிஞ்சா யோசிக்க நேரம் கிடைக்குமாம். ரெண்டு வாரத்துக்குள்ள எடுக்கணுமாம். நான் வேணாம்னுட்டேன்."

"ஏன்டா?"

"நாலுல ஒண்ணுதானேக்கா? அந்த ஒண்ணு பொடிசோட முடிஞ்சுபோச்சு. இனிமே நமக்கு பாக்கி இருக்கற மூணும் நல்லதுதான். எதுக்கு வீணா ஊசி, பயம் எல்லாம்?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. தம்பி சொன்ன கணக்கு தப்பு என்பது எனக்கே புரிந்தது, இருபத்திரண்டு வருஷம் அவள் எதிரில் சும்மாவா உட்கார்ந்தேன்? ஆனால் அந்தச் சிரிப்பைக் கலைக்க எந்த அக்காவுக்கு மனசு வரும்? சொல்லாமல் விட்டால் அவர்கள் டெஸ்டுக்குப் போக மாட்டார்கள். சொன்னால் அந்த முகம் இருண்டு போகும். அக்கா ஈரத்தாள் கட்டை நகர்த்தி நகர்த்தி வைத்தாள். 'சொல்லித் தொலையேன்' என்று எனக்கு வாய் நமநமத்தது.

கடைசியில் உட்கார்ந்தாள். "நான் ஒரு தடவை திருட்டு ரிப்போர்ட் எழுதியிருக்கேன், தெரியுமா?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வருஷத்தில் என்னிடம் கூடச் சொல்லாத விஷயம்.

வேலைக்கு வந்த இரண்டாம் வருஷமாம், நான் இங்கே சேர்வதற்கு முன்னால். தக்காளி விதை. எப்போதும் நூற்றுக்கு எழுபது முளைக்கிற ரகம், எழுபது இருந்தால்தான் விற்க விடுவார்கள். மூன்று தாளைப் பிரித்தாள். அறுபத்தாறு, அறுபத்தெட்டு, அறுபத்தேழு. நாலாவது தாளுக்குத் தண்ணீர் விட மறந்ததில் அது காய்ந்து கருவாடாகிக் கிடந்தது.

"மூணும் குறைஞ்சிருக்கு, ரகம் எழுபது, அப்ப நாலாவது தாள் ஈடு கட்டித்தான் இருக்கும்னு நெனச்சேன். கணக்குப் போட்டேன். எழுபத்தொன்பது முளைச்சிருந்தா சராசரி சரியா எழுபது. எழுபத்தொன்பதுன்னு எழுதிட்டேன்."

"அப்புறம்?" என்று நான்தான் கேட்டேன்.

"மனசு கேக்கல. அதே மூட்டையில இன்னொரு நூறு எடுத்துப் போட்டுப் பார்த்தேன். அறுபத்தாறு. அதிகாரிகிட்ட போய்ச் சொல்லி நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்." தம்பியின் கையைப் பிடித்தாள். "பக்கத்துத் தாள்ல என்ன நடந்துச்சுன்னு விதைக்கு எப்படிடா தெரியும்? அது ஏன் ஈடு கட்டப் போகுது? உள்ள இருக்கற குழந்தையும் அப்படித்தான். முன்னாடி பொறந்தவளுக்கு என்ன வந்துச்சுன்னு அதுக்குத் தெரியாது. அதுக்கும் நாலுல ஒண்ணுதான். அடுத்து ஒண்ணு வந்தா அதுக்கும் அதேதான்."

தம்பி கையை வெடுக்கென்று உருவிக்கொண்டான். "மனுஷங்களும் உன் தக்காளி விதையும் ஒண்ணாக்கா? ஒரு தடவை அடிச்சாச்சு, மறுபடியும் எங்களையே அடிக்குமா?"

"அடிக்கும்னு நான் சொல்லல. நாலுல மூணு பங்கு நல்லாத்தான் இருக்கும்னும் நான்தானேடா சொல்றேன்? பொடிசு வந்ததால அது கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

அவன் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான். அழுகிறான் என்று முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. தையல்காரியும் உடைந்துவிடுவாள் என்று நினைத்துத் தண்ணீர்ச் செம்பை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"அக்கா, இன்னொரு தடவை சொல்லுங்க. பொடிசால இதுக்கு எதுவும் மாறலையா?"

"மாறலைம்மா."

"அப்ப அவ யாரோட கஷ்டத்தையும் வாங்கிக்கலையே?"

"யாரும்மா அப்படிச் சொன்னது?" என்றாள் நூறக்கா.

"வீட்டுல எல்லாரும் அப்படித்தான்க்கா பேசறாங்க. பின்னாடி வரப்போறவங்களுக்காக இவ எல்லாத்தையும் தலையில வாங்கிக்கிட்டாளாம். இவரு கூட நேத்து அவ காலைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு. என் குழந்தை என்ன பண்ணுச்சு, அதை ஏன் பலி குடுத்த மாதிரி பார்க்கறீங்கன்னு எனக்குக் கத்தணும் போல இருந்துச்சு. ஆனா கணக்கு தெரியாம எப்படிச் சொல்றது?"

ஜன்னல் பக்கம் நின்றவன் திரும்பினான். அவன் முகத்தை நான் பார்க்க விரும்பவில்லை. எழுந்து வெளியே போய்விட்டேன். எனக்கும் மூக்கைச் சிந்த வேண்டியிருந்தது, அதை எல்லாரும் பார்க்க வேண்டாம்.

அந்த வெள்ளிக்கிழமை டெஸ்ட் எடுத்தார்கள். முடிவு வர இரண்டு வாரம் என்றார்கள். அந்த இரண்டு வாரமும் நூறக்கா விதையை எண்ணும்போது இரண்டு தடவை கணக்கைத் தவறவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். நான் கண்டுகொள்ளாத மாதிரி இருந்தேன். அவளைத் திட்டாமல் இருந்தது என் வாழ்நாள் சாதனை.

முடிவு வந்த அன்று தம்பி கூடத்துத் தொலைபேசிக்கே அழைத்தான். ரிசீவரைக் காதில் வைத்தவள் அப்படியே என் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவன் போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

"அக்கா! நல்லா இருக்குக்கா. குறை ஒண்ணும் இல்லையாம்!"

அவள் வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்திருக்கும். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"நம்ம அத்தை போன் பண்ணாங்க. 'பார்த்தியா, நீ சொன்ன கணக்குதான் சரி, பெரியவ எல்லாத்தையும் வாங்கிக்கிட்டா'ன்னாங்க. எனக்கு வந்ததே கோவம்! என் பொண்ணு யாருக்கும் எதையும் வாங்கிக்கல அத்தை, அவளுக்கு வந்தது அவளுக்கு வந்தது, இனிமே அப்படிப் பேசாதீங்கன்னு கத்திட்டேன். தப்பாக்கா?"

"தப்பே இல்லடா."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பொடிசுக்கு அடுத்த ரத்தம் எப்போ?"

"வியாழக்கிழமை."

"நானும் வரேன். ஊசி போடறப்ப என் மடியில வெச்சுக்கறேன்."